மனிதனைக் கர்த்தர் படைத்தாரா?
(சிலமலையில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மனிதனைக் கடவுள் படைத்தார் என்று கிறிஸ்தவ மதத்தில் சொல்லப்படுவதைப் பற்றியதாகும். சிலமலைக்கும் ஆதாமுக்கும் என்ன சம்பந்தம், ஏலத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவனுக்கு ஏதேன் தோட்டத்தைப் பற்றி எதற்காகச் சொல்லவேண்டும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். சம்பந்தம் இருக்கின்றது. "உன்னைக் கடவுள் தம் சாயலாகவே படைத்தார், அவர் முன்னால் நீ எவனுக்கும் தாழ்ந்தவன் அல்ல" என்று ஒருவர் வந்து சொன்னால், தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்கவும் விடாமல் தாழ்த்தி வைக்கப்பட்ட மனிதனுக்கு அது கோடையில் பெய்த மழைபோல் இருக்கும். அதைக் கேட்டு அவன் மனம் இளகினால் அதில் குற்றம் என்ன இருக்கிறது? ஆகையால் அவனைப் பரிகாசம் செய்வதற்கு நாம் இங்கு வரவில்லை.

கிறிஸ்தவர்களைத் திட்டுவதற்கும் வரவில்லை. படிக்கவே கூடாது என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தவர்களிலும், தொட மாட்டோம் என்று சொல்லப்பட்டவர்களைத் தொட்டு வைத்தியம் பார்த்தவர்களிலும் பாதிரிமார் முன்னால் நிற்கிறார்கள். இந்த மலைக்கு அப்பால் இருந்த திருவாங்கூர் சமஸ்தானத்தில் அடிமை முறையை ஒழிக்கவேண்டுமென்று 1847-ம் வருஷத்தில் மகாராஜாவுக்கு மனுப் போட்டவர்களும் மிஷனரிமார்தான். 1855-ம் வருஷத்தில் அங்கு அடிமை முறை ஒழிந்தது. நன்மையை நன்மை என்று சொல்ல நமக்குக் கூச்சமில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளுகிறோம். நம் நாட்டுப் புராணம் ஒருவனை முகத்திலும், ஒருவனைத் தோளிலும், ஒருவனைத் தொடையிலும், ஒருவனைக் காலிலும் பிறக்க வைத்துப் பிறவியிலேயே மேல் கீழ் செய்துவிட்டது. அத்தோடு பார்க்கும்போது, எல்லோரும் ஒரே ஆதாமின் பிள்ளைகள் என்கிற கதை எவ்வளவோ மேல். ஆனால் ஒரு கதையைவிட இன்னொரு கதை மேல் என்பதாலேயே அது உண்மையாகி விடாது. ஆதலால் நாம் இரண்டு கேள்வி கேட்கப் போகிறோம். ஒன்று, இந்தச் சிருஷ்டிக் கதை உண்மைதானா? இரண்டாவது, இதை நம்பினால் மனிதனுக்கு மனிதன் சமமாகி விடுகிறானா?

கதை

முதலில் கதையைப் பார்ப்போம். பைபிளின் முதல் புஸ்தகமாகிய ஆதியாகமத்தைத் திறந்தால், ஒன்றுக்குப் பதிலாக இரண்டு கதைகள் இருக்கின்றன. முதல் அதிகாரத்தில் செடி கொடிகள், மீன்கள், பறவைகள், மிருகங்கள் எல்லாம் உண்டாகி, கடைசியாக ஆணும் பெண்ணும் சேர்ந்தே படைக்கப்படுகிறார்கள். இரண்டாம் அதிகாரத்திலோ முதலில் மண்ணினால் ஆணைச் செய்து, மூக்கில் மூச்சை ஊதி, பிறகு தோட்டம் போட்டு, பிறகு மிருகங்களை உண்டாக்கி, கடைசியில் அவன் விலா எலும்பை எடுத்துப் பெண்ணைச் செய்ததாக இருக்கிறது. பெண் கூடவே பிறந்தவளா, எலும்பிலிருந்து பிறகு வந்தவளா? இரண்டில் எதை நம்புவது? இன்னும், முதல் நாளே வெளிச்சம் வந்து விடுகிறது. சூரியன் நாலாவது நாள்தான் வருகிறது. சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாளும் எப்படி விடிந்தது என்று நம் வீட்டுக் குழந்தை கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

மண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்த கதை யூதர்களுக்கு மாத்திரம் சொந்தமானதும் அல்ல. அவர்களுக்கு முன்பே பாபிலோன் தேசத்தார், தேவர்களுக்குப் பதிலாகப் பாடுபட ஆள் வேண்டுமென்று களிமண்ணில் மனிதனைச் செய்ததாகக் கதை எழுதி வைத்திருந்தார்கள். எகிப்து தேசத்தார் தங்கள் சாமி ஒருவரைக் குயவராகவே ஆக்கி, சக்கரத்தில் வைத்து மனிதனை வனைய விட்டார்கள். கிரேக்கர்களிடத்திலும் இப்படியொரு களிமண் கதை உண்டு. ஏன் எல்லாரும் களிமண்ணைப் பிடித்துக் கொண்டார்கள்? அந்தக் காலத்து மனிதன் கண்ட பெரிய கைவேலை பானை வனைவது. ஆதலால் கடவுளையும் குயவராக்கினான். ரயிலும் மின்சாரமும் கண்ட பிறகு எழுதியிருந்தால் கடவுளை இஞ்சினீயர் ஆக்கியிருப்பான்.

நம் மதுரைச் சீமையில் இன்றைக்கும் குயவர் மண்ணைக் குழைத்து அய்யனாருக்குக் குதிரை செய்கிறார், சாமியும் செய்கிறார். மனிதன் மண்ணில் சாமி செய்வதை நாம் கண்ணாலேயே பார்க்கிறோம். சாமி மண்ணில் மனிதனைச் செய்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை.

கண்டறிந்த விஷயம்

சரி, பார்த்தவர் இல்லை என்றால் மனிதன் எப்படி வந்தான் என்பதற்கு அடையாளம் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. உஷர் என்ற பிஷப்பு 1650-ம் வருஷத்தில் பைபிளிலுள்ள வம்ச வரிசையைக் கூட்டிப் பார்த்து, உலகம் கி.மு. 4004-ல் உண்டாயிற்று என்று கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கை ஆங்கில பைபிளின் ஓரத்தில் அச்சிட்டும் வந்தார்கள். அதன்படி உலகத்துக்கு வயது ஆறாயிரத்துச் சொச்சம். ஆனால் நாம் நிற்கும் இந்த மேற்கு மலைப் பாறைகளே ஐம்பது கோடி வருஷத்துக்கு மேற்பட்டவை என்று சோதித்துச் சொல்லுகிறார்கள். பூமியின் வயது சுமார் 454 கோடி வருஷம்.

மனிதன் சமாசாரத்துக்கு வருவோம். 1863-ம் வருஷத்தில் ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தார். அதே வருஷத்தில் திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் கண்டார். அத்திரம்பாக்கத்துக் கல் ஆயுதங்களின் வயது சுமார் 15 லட்சம் வருஷம் என்று 2011-ம் வருஷத்தில் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அதாவது நம்மைப் போன்ற முகமும் மூளையும் உள்ள மனிதன் உண்டாவதற்கு எவ்வளவோ முன்பே, நமக்கு மூத்த ஒரு மனித இனம் இந்தத் தமிழ் மண்ணில் கல்லைச் செதுக்கிக் கொண்டிருந்தது. நம்மைப் போன்ற மனிதன் தோன்றியது ஆப்பிரிக்காவில். சுமார் மூன்று லட்சம் வருஷத்துக்கு முன். படங்களில் ஆதாமை வெள்ளைக்காரத் துரை மாதிரி எழுதி வைத்திருக்கிறார்களே, அது எழுதினவனின் நிறம்.

டார்வின் என்ற அறிஞர் 1859-ம் வருஷத்திலும் 1871-ம் வருஷத்திலும் வெளியிட்ட நூல்களில், உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வந்தவை, மனிதனும் அந்தக் குடும்பத்தில் ஒருவன் என்று காட்டினார். இதற்கு நம் உடம்பே சாட்சி. உட்காரும் இடத்தில் தடவிப் பாருங்கள், வால் எலும்பு இருக்கிறது. தாய் வயிற்றில் சில வாரக் கருவாக இருக்கும்போது சின்ன வாலும் இருந்து பிறகு மறைகிறது. நமக்குச் சோறு போகிற வழியும் மூச்சுப் போகிற வழியும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. அதனால்தான் புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டுகிறோம். சர்வ ஞானமுள்ள ஒருவர் திட்டம் போட்டுச் செய்திருந்தால் இந்த இரண்டு வழியையும் தனித்தனியாக வைத்திருக்க மாட்டாரா? ஒரு சாதாரணக் கொத்தனார்கூடக் குடிதண்ணீர்க் குழாயையும் சாக்கடையையும் ஒன்றாகச் சேர்க்க மாட்டானே!

இதெல்லாம் மதத் தலைவர்களுக்குத் தெரியாதா? தெரியும். போப்பாண்டவர் 12-ம் பத்திநாதர் 1950-ம் வருஷத்தில், உடம்பு வேறு பிராணியிலிருந்து மாறி வந்திருக்கலாமா என்று அறிஞர்கள் ஆராயலாம், ஆனால் ஆத்துமாவைக் கடவுளேதான் நேரில் படைக்கிறார் என்று எழுதினார். 1996-ம் வருஷத்தில் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமக் கொள்கை வெறும் ஊகத்துக்கு மேற்பட்டது என்று ஒப்புக்கொண்டார். பாருங்கள்! முதலில் முழு மனிதனையும் கடவுள் செய்தார். பிறகு உடம்பை விட்டுக் கொடுத்தாகி விட்டது. இப்போது பாக்கி இருப்பது கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத ஆத்துமா ஒன்றுதான். அறிவு ஓரடி முன்னால் வைக்கும்போதெல்லாம் கடவுளின் வேலை ஓரடி குறைந்துகொண்டே வருகிறது.

ஒரே ரத்தம்

"அதெல்லாம் போகட்டும், எல்லா ஜனங்களையும் ஒரே ரத்தத்தினால் உண்டாக்கினார் என்று எங்கள் வேதம் சொல்லுகிறதே, அது நல்ல விஷயம் அல்லவா?" என்று கேட்பார்கள். நல்ல விஷயந்தான். மனிதர் எல்லாம் ஒரே குடும்பம் என்று விஞ்ஞானமும் சொல்லுகிறது. மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன் அவர்களும், வெளிநாட்டு அறிஞர் ஸ்பென்சர் வெல்ஸ் அவர்களும் மதுரைப் பக்கத்து ஜனங்களின் ரத்தத்தைச் சோதித்ததில், ஆப்பிரிக்காவிலிருந்து பல்லாயிரம் வருஷங்களுக்கு முன் கடலோரமாக நடந்து வந்த முதல் கூட்டத்தின் அடையாளம் இங்குள்ளவர்களிடத்தில் இருக்கக் கண்டார்கள். அதே அடையாளம் ஆஸ்திரேலியாவின் ஆதி குடிகளிடத்திலும் இருக்கிறது. நாலு முழ வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவனைத் தொட மாட்டேன் என்கிறவனுக்கு, கடலுக்கு அந்தப் பக்கத்திலும் சொந்தக்காரன் இருக்கிறான்!

இரண்டு பேரும் ஒன்றையே சொல்லும்போது வித்தியாசம் என்ன என்கிறீர்களா? நாம் சொல்லுவதை யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம், தப்பிருந்தால் திருத்தலாம். வேதம் சொல்லுவதை நம்ப மாத்திரமே முடியும். நம்பிக்கை என்பது கொண்டவனுடைய சௌகரியப்படி வளையக் கூடியது. அமெரிக்காவில் கறுப்பு மனிதனை அடிமை வைத்திருந்தவர்கள், நோவா தன் பேரனைச் சபித்த கதையை ஆதியாகமத்திலிருந்தே எடுத்துக் காட்டினார்கள். அடிமைத்தனம் கூடாது என்றவர்கள் ஒரே ரத்தம் என்ற வசனத்தை அதே பைபிளிலிருந்து காட்டினார்கள். இரண்டு பக்கமும் ஒரே புஸ்தகம்! 1865-ம் வருஷத்தில் அந்த விவகாரத்தைத் தீர்த்து வைத்தவை யுத்தமும் சட்டமும் ஆகும். நம் நாட்டிலும், முன்பணம் வாங்கிய கூலி வேலையை விட்டுப் போனால் ஜெயிலில் அடைக்கலாம் என்று 1859-ம் வருஷத்தில் சட்டம் செய்த வெள்ளைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதே வசனத்தைக் கேட்டவர்கள்தான். அந்தச் சட்டத்தை ரத்துச் செய்ய 1925-ம் வருஷம் வரை ஆயிற்று.

சுவர்

நிற்க. நம் இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒரே கர்த்தர் படைத்தார் என்று நம்பினவர்களுக்குள் ஜாதி போயிற்றா?

1606-ம் வருஷத்தில் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி என்ற பாதிரியார், பார்ப்பன சந்நியாசி வேஷத்தில் இருந்துகொண்டு மேல்ஜாதிக்காரர்களுக்குப் பிரசங்கம் செய்தார். மற்றவர்களுக்குப் பண்டார சாமிகள் என்று வேறு பாதிரிமார் பிறகு ஏற்பட்டார்கள். பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக் கொள்ளலாமென்று 1623-ம் வருஷத்தில் போப்பாண்டவரே உத்தரவு கொடுத்தார். ஆதாமுக்குப் பூணூல் இருந்ததாகப் பைபிளில் எங்கும் காணோம்!

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். அங்கே 1872-ம் வருஷத்தில் கட்டிய கத்தோலிக்கக் கோயில் கால்சட்டை மாதிரி இரண்டு காலாகப் பிரிந்திருந்தது. ஒரு காலில் வெள்ளாளக் கிறிஸ்தவர், மறு காலில் நாடார் கிறிஸ்தவர், நடுவே சுவர். இரண்டும் சேரும் இடத்தில் பீடம். 1910-ம் வருஷத்தில் பாதிரியார் அந்தச் சுவரை இடிக்கச் செய்தார். உடனே, எங்கள் உரிமை போயிற்று என்று வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை ஹைகோர்ட் வரை வழக்கு நடந்து, அவர்கள் தோற்றார்கள். தோழர்களே, யோசித்துப் பாருங்கள். கர்த்தர் எல்லோரையும் ஒன்றாகப் படைத்தார் என்ற வசனம் அந்தக் கோயிலில் சுமார் நாற்பது வருஷ காலம் இரண்டு பக்கமும் வாசிக்கப்பட்டது. சுவரில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. கடப்பாரை எடுத்தபோதுதான் விழுந்தது.

அது பழைய கதை என்பார்கள். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கர் கல்லறைக்குள் ஜாதிச் சுவர் எழுப்பிப் பிணங்களைப் பிரித்து வைத்ததும், அதை எடுக்க வேண்டுமென்று இந்தக் காலத்திலேயே கிளர்ச்சி நடந்ததும் பழைய கதையா? விழுப்புரம் பக்கத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள், கோயிலிலும் சவ ஊர்வலப் பாதையிலும் தங்களை ஒதுக்குகிறார்கள், எங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதில் கலகம் உண்டாகி, 2008-ம் வருஷம் மார்ச்சு மாதம் போலீஸார் சுட்டு இரண்டு உயிர் போயிற்று. மண்ணிலிருந்து எடுக்கப்பட்டாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று வேதம் சொல்லுகிறது. திரும்பிப் போகிற வழி மாத்திரம் ஜாதிக்கு ஒன்றாக இருக்கிறது!

இது நம்முடைய அவதூறு அல்ல. இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் 2016-ம் வருஷம் டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், தங்கள் சபைக்குள் தலித்துகளுக்குத் தீண்டாமை இருக்கிறது, அது பெரும் பாவம் என்று தாங்களே ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். தலித் வகுப்பில் பிறந்த ஒருவர் முதல் தடவையாகக் கர்தினால் ஆனது 2022-ம் வருஷத்தில்; ஐதராபாத் ஆயர் அந்தோணி பூலா அவர்கள். ஒப்புக் கொண்டதை மெச்சுகிறோம். ஆனால் ஒப்புக் கொள்ளவே இத்தனை காலம் ஆயிற்று என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதில் சர்க்கார் வேறு ஓர் அநியாயம் செய்கிறது. 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவுப்படி, தாழ்த்தப்பட்டவர் இந்துவாக இருந்தால்தான் ஷெட்யூல்டு வகுப்பு உரிமை. பிறகு 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரானவனுக்கு இல்லை. 2022-ல் இதை ஆராயக் கமிஷன் போட்டார்கள். 2023-ல் தமிழ்நாடு சட்டசபையும் அந்த உரிமையைக் கொடுக்கும்படி தீர்மானம் போட்டது. மதம் மாறினவனை ஊர் பழைய ஜாதிக்காரனாகவே நடத்துகிறது, சர்க்காரோ உனக்கு இப்போது அந்த ஜாதி இல்லை என்கிறது. இழிவு மாத்திரம் கூடவே போய், உரிமை பின்னால் நின்று விடுகிறது. கிறிஸ்துவை நம்பாத நாமே இதைக் கண்டிக்கிறோம். ஒருவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று பார்த்து உரிமை கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

மறுப்பும் பதிலும்

"இவையெல்லாம் மனிதர் செய்த குற்றம், கடவுள் மேல் ஏன் போடுகிறீர்கள்?" என்பார்கள். சரி, மனிதர் செய்ததுதான். அப்படியானால் சுவரை வைத்ததும் மனிதன், இடித்ததும் மனிதன், தீர்ப்புச் சொன்னதும் மனிதன். இதில் படைத்தவர் செய்த வேலை என்ன? நல்லது நடந்தால் அவர் கிருபை, கெட்டது நடந்தால் உன் பாவம் என்பது, லாபம் முதலாளிக்கு, நஷ்டம் கூலிக்கு என்கிற கணக்கைப்போல் இருக்கிறது. பானை அழகாக இருக்கிறது என்று குயவரைப் புகழுகிறவன், விரிசல் விட்ட பானைக்கும் அவரைத்தானே கேட்கவேண்டும்? கண்ணில்லாமல் பிறந்த குழந்தையைக் காட்டி இது யார் சாயல் என்று கேட்டால் கோபிப்பானேன்?

"படைத்தவர் இல்லையென்றால் மனிதனுக்கு மதிப்பு ஏது? மிருகத்தைப்போல் அல்லவா ஆகிவிடுவான்?" என்று இன்னொரு கேள்வி. தோழர்களே, பசித்தவனுக்குச் சோறு போடுவதற்கு, அவன் யாருடைய சாயல் என்று தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அடித்தால் நமக்கு வலிக்கிறது, அவனுக்கும் வலிக்கும் என்று தெரிந்தால் போதும். தாய் தன் குழந்தைக்குப் பால் கொடுப்பது வேத வசனத்தைப் படித்துவிட்டா? இன்னாருடைய முத்திரை இருக்கிறது என்பதற்காக மனிதனை மதிப்பவன், அந்த முத்திரை இல்லை என்று நாளைக்கு ஒருவன் சொன்னால் மதிப்பதை விட்டு விடுவான். மனிதன் என்பதற்காகவே மதிப்பவன் விடமாட்டான்.

உங்கள் தொழிலிலிருந்தே ஒன்று சொல்லுகிறோம். மலையிலிருந்து வந்த ஏலக்காயைப் போடியில் சல்லடையில் போட்டுச் சலித்துப் பெரிது, சிறிது என்று ரகம் பிரிக்கிறீர்கள். காய்க்கு அது சரி, கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்கிறது. மனிதனை மேல்ரகம், கீழ்ரகம் என்று பிரிக்கிற சல்லடை எது? ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தாயிற்று, எலும்பைத் தோண்டிப் பார்த்தாயிற்று, எங்கும் ஜாதி அகப்படவில்லை. அது இருப்பது நம் மூளையிலும், நாம் கட்டிய சுவரிலும்தான்.

செய்ய வேண்டியது

ஆகவே, "உன்னைக் கர்த்தர் படைத்தார், எல்லோரும் சமம்" என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால் மரியாதையாக உட்கார வைத்துக் கேளுங்கள். பிறகு இதையும் கேளுங்கள்: "ஐயா, உங்கள் கோயிலில் எல்லோரும் கலந்து உட்காருகிறார்களா? கல்லறைக்குப் பாதை ஒன்றா, இரண்டா? உங்கள் சபையில் ஜாதி விட்டுப் பெண் கொடுத்து எடுக்கிறார்களா?" இதே கேள்வியை, எல்லாம் அவன் சிருஷ்டி என்று சொல்லிக்கொண்டு கருவறைக்கு வெளியே நம்மை நிறுத்தி வைத்திருக்கிற இந்து மதக்காரரிடமும் தவறாமல் கேளுங்கள். அவரிடம் இரண்டு பங்கு கேட்கவேண்டும்.

அதற்கும் முன்னால் நம்மை நாமே கேட்டுக் கொள்ளவேண்டும். கடவுள் இல்லை என்று கைதட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் ஜாதி பார்த்துத் தண்ணீர் கொடுக்கிறவனைவிட, கடவுள் உண்டு என்று நம்பிச் சுவரை இடித்த அந்த வடக்கன்குளத்துப் பாதிரியார் நூறு மடங்கு நமக்கு வேண்டியவர். கடவுளை மறுப்பது நம் வேலையில் ஒரு பாதிதான். மனிதனை நினைப்பது மறு பாதி.

நம்மைப் படைத்தவர் வந்து நம்மைச் சமமாக்குவார் என்று காத்திருந்த காலம் போதும். நாம் சொன்னதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து யோசியுங்கள், தப்பென்று கண்டால் தள்ளிவிடுங்கள், சரியென்று கண்டால் அதன்படி நடவுங்கள்.